எட்டுக் கெண்டைகளும் இரண்டு தங்கமீன்களும்

மீன் தொட்டி வாங்குகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் குடியிருப்பில் போன மாதம் ஒரு குடும்பம் தொட்டி வாங்கி, கடைக்காரர் கை காட்டியதையெல்லாம் ஒன்றாகப் போட்டது. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, வரி போட்டது ஒன்று. வகைக்கு ஒன்றாக இருந்தால் பார்க்க அழகாக இருக்குமாம். "எல்லாம் மீனுதானே டீச்சரம்மா, ஒண்ணா இருக்காதா?" என்று, மாமியாரை விட்டுத் தனிக்குடித்தனம் வந்த அந்த வீட்டுப் பெண் கேட்டாள். "எல்லாரும் மனுசங்கதானே, உன் மாமியாரோட நீ இருக்கியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போனது. அப்புறம் என் வாயை நானே திட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு மணி நேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்து, எதை எடுக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது.

ஐம்பதுகளில் ஓசூர் என்றால் மாட்டுப் பண்ணை, தாலுகா கச்சேரி, ஏரி, பெங்களூர் பஸ், அவ்வளவுதான். இன்று கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கிற இடமெல்லாம் அன்று கேழ்வரகுக் கொல்லை. அங்கே பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை. பிரசவத்துக்குப் போன ஆசிரியை திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அந்த இடம் எனக்கு நிரந்தரமாகுமா என்பது வருடாந்தரச் சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டரம்மாள் கையில் இருந்தது.

நான் மத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். என் அப்பா பேச்சு மாறாதவர். "வேல நெரந்தரம்னா இரு. இல்லாட்டி தை மாசம் கல்யாணம்" என்று சொல்லித்தான் என்னை பஸ் ஏற்றினார். மாப்பிள்ளை என் தாய்மாமன் மகன். கிணறும் தென்னையும் உள்ள நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசுகிற சுகம் எனக்குப் பிடித்துவிட்டது. அதை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போக மாட்டேன் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். தஞ்சாவூர்க்காரர். ஓசூர்க் குளிரில் வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட்டிருப்பார். என்னைத் தையல் வகுப்புக்குப் போட்டிருந்தார். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வராது. இயற்கைப் பாடம் கொடுங்கள் என்று நான் போய்ப் போய் நின்றேன். அந்தச் சமயத்தில்தான் மாட்டுப் பண்ணை அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் கண்ணாடித் தொட்டியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, மூலையில் புட்டிக் களிம்பு வைத்து அடைத்தது. நீளம் இரண்டு முழம் இருக்கும். தண்ணீர் ஊற்றினால் ஒரு மூலை அழுதது. அதை நானே அடைத்தேன்.

பெரிய டீச்சர் யோசித்தார். உள்ளூர் உயிர்களை வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்று இன்ஸ்பெக்டரம்மாள் ஏற்கெனவே சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். "சரி, எடுத்துக்கோ. ஆனா அவங்க வர்ற அன்னிக்குத் தொட்டியில ஒரு மீன் செத்து மிதந்தாலும் பாடமும் இல்லை, சிபாரிசும் இல்லை" என்றார். ஆக, என் வேலை, என் கல்யாணம், என் தை மாசம் எல்லாம் அந்த இரண்டு முழத் தண்ணீருக்குள் போய்விட்டது.

முதலில் தங்கமீன் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு சனிக்கிழமை பெங்களூரில் தண்டு என்கிற பட்டாளத்துப் பகுதி மார்க்கெட்டுக்குப் போய், நீண்ட வால் வைத்த ஜோடி ஒன்று வாங்கி, பித்தளைக் கூஜாவில் விட்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மைசூர் ராஜ்ய எல்லை தாண்டியதும் நம் பக்கத்துச் சோதனைச் சாவடி. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். அந்தப் பக்கத்திலிருந்து எது வந்தாலும் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள்.

"என்னம்மா கூஜாவுல?"

"மீனுங்க."

"உசுரோடவா? கொழம்பு வெக்கவா?"

"பாடம் நடத்தங்க."

போலீஸ்காரர் நம்பவில்லை. துணியை அவிழ்த்து, விரலை விட்டு, நக்கியும் பார்த்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ருசி பாத்தாச்சில்ல, குடுங்க, தண்ணி சூடாவுது" என்று பிடுங்கிக்கொண்டேன். அந்த ஆள் வழி விட்டார்.

தங்கமீன்கள் தொட்டியில் இறங்கிய அன்று பிள்ளைகள் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்தார்கள். ஆனால் இரண்டு தங்கமீனை மட்டும் வைத்தால் அது அலங்காரம், பாடம் ஆகாது. நம் ஊர் மீன் வேண்டும். நம் ஊர் மீன் எங்கே இருக்கிறது? பள்ளிக் கிணற்றிலேயே இருந்தது.

எங்கள் பக்கம் புதுக் கிணறு வெட்டினால், ஊற்று கண்டதும் நாலு மீனைக் கொண்டுவந்து விடுவார்கள். அவை கொசுப்புழுவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும். அவற்றை யாரும் பிடிப்பதில்லை, தின்பதுமில்லை. பள்ளிக் கிணற்றிலும் அப்படி விட்டவை பெருகிக் கிடந்தன. வாலருகே கரும்பொட்டு வைத்த சின்னக் கெண்டை, அடியில் அயிரை, ஒன்றிரண்டு கெளுத்தி. பள்ளிக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றும் ஆயா ஒருத்தி இருந்தாள். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கிணற்று மீனைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"கெணத்து மீனத் தொட்டா தண்ணி கோவிச்சிக்கும் டீச்சரம்மா."

"திங்கறதுக்கா கேக்கறேன்? கண்ணாடிக்குள்ள விட்டு, சோறு போட்டு, திரும்ப இங்கியே விட்டுடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வாளியைச் சாய்த்து இறக்கிப் பிடித்துக் கொடுத்தாள். இரண்டு கெண்டை, மூன்று அயிரை, ஒரு கெளுத்தி. பொருந்துமா என்று எனக்குத் துளி சந்தேகம்கூட வரவில்லை. ஆயாவுக்கும் வரவில்லை, பிள்ளைகளுக்கும் வரவில்லை. காலம் காலமாக ஒரே கிணற்றில் ஒன்றாக இருந்தவை, தொட்டியில் மட்டும் சண்டையா போடப் போகின்றன? "ஒரே தண்ணி குடிச்சி வளந்ததுங்க, அதுங்க ஒறவு" என்றாள் ஆயா. நானும் அதையே பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்னேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை வந்து பார்த்தால் அயிரை இரண்டுதான் இருந்தது. அதற்கு மறுநாள் ஒன்று. கெளுத்தி மட்டும் வயிறு உப்பிக் கல் அடியில் கிடந்தது. கெளுத்தியின் வாயை அன்றுதான் பார்த்தேன். தலை அகலத்துக்கு வாய். அந்த வாய்க்குள் போகிற அளவில் எதை விட்டாலும் அது துணை இல்லை, தீனி. கிணற்றில் இதே கெளுத்தியும் இதே அயிரையும் இருந்தன என்றால், அங்கே அயிரை ஒளிய ஆயிரம் இடுக்கு இருந்தது. என் தொட்டியில் ஒரு கல்தான் இருந்தது. கெளுத்தியைக் கிணற்றுக்கே அனுப்பினேன். ஆயா அதை வாளியில் வாங்கிக்கொண்டு, "உன்னால டீச்சரம்மாவுக்குக் கெட்ட பேரு" என்று அதைத் திட்டினாள்.

அப்புறம்தான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. அந்த இரண்டு கெண்டைகள் விரல் நீளம்கூட இல்லை, வாயும் பொட்டு மாதிரி. அவற்றால் யாரையும் விழுங்க முடியாது. ஆனால் தங்கமீனின் நீண்ட வால் தண்ணீரில் ஆடும்போதெல்லாம் பின்னாலிருந்து ஓடி வந்து ஒரு கடி கடித்துவிட்டு ஓடின. தங்கமீன் மந்தமானது. திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த கடி விழும். ஒரு வாரத்தில் பெரிய தங்கமீனின் வால் கந்தல் துணியாகிவிட்டது. கிழிந்த ஓரத்தில் வெள்ளை படரத் தொடங்கியது. அப்படியே விட்டால் செத்துவிடும் என்று எனக்கே தெரிந்தது.

பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "கடிக்கிறதை எடுத்து வெளியில போடேம்மா. இதுக்கு என்ன யோசனை?" என்றார். நியாயமான பேச்சுதான். இரண்டில் எது அதிகம் கடிக்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்து, அந்த ஒன்றைப் பிடித்துக் கிணற்றில் விட்டேன். மிச்சம் இருக்கிற ஒன்று அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்குவதாவது! கூட்டாளி போனதும் அதற்குப் பைத்தியமே பிடித்தது. முன்பு இரண்டும் தங்களுக்குள் கொஞ்சம் துரத்திக்கொள்ளும். இப்போது துரத்த வேறு ஆள் இல்லை, நாள் பூராவும் தங்கமீன் வாலேதான் வேலை. சின்னத் தங்கமீனுக்கும் கடி விழுந்தது.

இன்ஸ்பெக்டரம்மாள் வர மூன்று வாரம் இருந்தது. "அதையும் எடுத்துடு. ரெண்டு தங்கமீனை மட்டும் வெச்சு மானத்தைக் காப்பாத்து" என்றார் பெரிய டீச்சர். மாட்டேன் என்றேன். சுற்றறிக்கை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெளியே சொல்லவில்லை. விரல் நீளம் இல்லாத ஒரு மீனிடம் தோற்றுவிட்டு ஊருக்குப் போய்த் தாலி கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை.

அதன் பிறகு இடைவேளை கிடைத்தபோதெல்லாம் கிணற்றுக்கட்டையில் குப்புறச் சாய்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா விழுந்துகிழுந்து வைக்கப் போகிறாள் என்று ஆயா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். உச்சி வெயில் நேராக இறங்கும்போது கெண்டைகள் தெளிவாகத் தெரியும். ஒன்றுகூடத் தனியாக இல்லை. கூட்டம் கூட்டமாகச் சுற்றின. கூட்டத்துக்குள் ஓயாமல் ஒன்றை ஒன்று முட்டின, துரத்தின, உரசின. யார் பெரியவன், யார் சின்னவன் என்று அவற்றுக்குள் ஏதோ கணக்கு நடந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒன்றின் வாலும் கிழியவில்லை, கடி பலருக்கும் பிரிந்து போனதால். என் தொட்டியில் இருந்ததோ ஒற்றைக் கெண்டை. அதன் விளையாட்டு, கோபம், பயம் எல்லாவற்றையும் பாவம் ஒரே ஒரு வால் தாங்கியது.

"ஆயா, இன்னும் ஏழு புடிச்சிக் குடு" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கடிக்கறது ஒண்ணு பத்தலியா? ஏழு பேரத் தொணைக்குக் கூட்டிக்கினு போறீங்களா?"

"ஆமா."

"டீச்சரம்மாவுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சி" என்று கிணற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாளியை இறக்கினாள்.

பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. "இது உன் முடிவு. வால் போனா என்கிட்ட வந்து கண்ணைக் கசக்காதே" என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை ஏழையும் விட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பகல் முழுக்க ஒரு முக்காலியைப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். கையில் நோட்டு. எத்தனை கடி, யார் யாரை என்று கோடு கோடாகப் போட்டேன். முதல் நாள் காலை தங்கமீனுக்குக் கடி மேல் கடி விழுந்தது. எடுத்துவிடலாமா என்று கை போய்ப் போய் வந்தது. எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் கெண்டைகள் ஒன்றை ஒன்று கவனிக்க ஆரம்பித்தன. ஞாயிறு சாயங்காலம் எட்டும் ஒரே பக்கம் திரும்பி, ஒரே பக்கம் ஓடி, தங்களுக்குள்ளேயே முட்டிக்கொண்டிருந்தன. தங்கமீன்கள் இரண்டும் ஒரு மூலையில் நிம்மதியாகப் பாசியைக் கொறித்தன. என் நோட்டில் அந்தப் பக்கத்தில் கோடே இல்லை. அறையில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதேன்.

எட்டுக் கெண்டைக்கு அது சின்ன இடம். ஒன்று விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீரை மாற்றினேன். சோற்றைப் போடுவதை நிறுத்தினேன், அது புளித்துத் தண்ணீரைக் கெடுத்தது. கொசுப்புழுவைக் கெண்டைகளுக்கு ஒரு பக்கம் முதலில் போட்டு, அவை அங்கே மும்முரமாக இருக்கும்போது மந்தமான தங்கமீன்களுக்கு இன்னொரு பக்கம் போட்டேன். அடியில் விழுந்தது அயிரைக்கு. மூன்று வாரத்தில் வால் முழுசாக வளரவில்லை, ஆனால் வெள்ளை போய், ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதுச் சவ்வு வந்தது.

இன்ஸ்பெக்டரம்மாள் கதர்ச் சேலையும் தோல் பையுமாக வந்தார். தையல் பார்த்தார், கணக்குக் கேட்டார், கடைசியில் தொட்டிக்கு வந்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். பெரிய டீச்சர் என் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்கு. ஆனா இந்தக் கெண்டை எதுக்கு இத்தனை? தங்கமீன் ரெண்டு, கெண்டை ரெண்டுன்னு ஜோடியா இருந்தா பிள்ளைங்களுக்குப் புரியும். நெருக்கடியா இருக்கு பாருங்க, ஆறை எடுத்துடுங்க" என்றார்.

"இதோம்மா" என்று பெரிய டீச்சர் ஆயாவைக் கூப்பிட்டார். ஆயா வாளியோடு வந்தாள். என் தை மாசம் என் கண் முன்னால் வந்து நின்றது. எடுத்துவிட்டு, அவர் ஜீப் கிளம்பினதும் திரும்ப விட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் எட்டு என்று அவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

தொட்டிக்கும் வாளிக்கும் நடுவில் போய் நின்றேன். "எடுக்கக் கூடாதுங்க."

"என்ன?"

"ரெண்டா விட்டா தங்கமீன் வாலைக் கடிக்கும். ஒத்தையா விட்டா கொன்னே போடும். எட்டா இருந்தாத்தான் அடங்கி இருக்கும். விட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். தொட்டி என் பொறுப்பு. என்னை வீட்டுக்கு அனுப்பிட்டு அப்புறம் எடுத்துக்குங்க."

நோட்டை நீட்டினேன். அவர் வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தன் பையிலிருந்து தாளை எடுத்து ஏதோ எழுதினார், நோட்டைத் திருப்பிக் கொடுத்தார், கிளம்பிவிட்டார்.

"உன் சோத்துல நீயே மண்ணை அள்ளிப் போட்டுண்டுட்டே" என்றார் பெரிய டீச்சர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தேன்.

மார்கழி முடிவதற்குள் உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். ஆனால் ஓசூரில் இல்லை, அஞ்செட்டியில். ஒகேனக்கல் பக்கத்துக் காட்டு ஊர். பஸ் எப்போதாவது வரும், மழை பெய்தால் வராது. அங்கே போன ஆசிரியர் ஒருவரும் ஒரு வருடம் தங்கியதில்லை. உத்தரவோடு இன்ஸ்பெக்டரம்மாள் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: பிடித்த பிடியில் நிற்கிறவர், அஞ்செட்டிக்கு இப்படி ஒருவர்தான் வேண்டும்.

பெரிய டீச்சர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆயா, "யானை வர்ற ஊராச்சே" என்றாள். நான் ஒரு பகல் முழுக்க யோசித்தேன். போகத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் எப்படிப் போவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. இன்ஸ்பெக்டரம்மாளுக்குப் பதில் எழுதினேன். தனியாகப் போக மாட்டேன், இன்னொரு ஆசிரியையையும் அதே பள்ளிக்குப் போட்டால் மறுநாளே மூட்டை கட்டுகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம்.

"கெடைச்சதை வெச்சுண்டு கண்டிஷன் வேறயா? பதிலே வராது பார்" என்றார் பெரிய டீச்சர். ஆனால் தலைமையாசிரியை மூலமாகத்தான் கடிதம் போக வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று மேஜை முன்னால் நின்றேன். பேனாவை எடுத்தார், ஏதோ கிறுக்கினார், உறையில் போட்டு ஒட்டிவிட்டார். எனக்குக் காட்டவில்லை.

தை மாதம், பொங்கல் முடிந்து பத்தாம் நாள், ராயக்கோட்டையிலிருந்து வந்த இன்னொரு பெண்ணும் நானும் ஒரே பஸ்ஸில் அஞ்செட்டியில் இறங்கினோம். அவளுக்கு என் சமையல் ஆகாது, எனக்கு அவள் பாட்டு ஆகாது. முதல் மாதம் பூராவும் சண்டை. இரண்டாம் மாதம், அவளில்லாமல் அந்த ஊரில் ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டேன் என்பது எனக்குப் புரிந்தது. அங்கே பதினொரு வருடம் இருந்தேன்.

அந்த வருடக் கடைசியில் இன்ஸ்பெக்டரம்மாள் அஞ்செட்டிக்குச் சோதனைக்கு வந்தார். எல்லாம் முடிந்து காப்பி குடிக்கும்போது, தோல் பையிலிருந்து என் பழைய கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "உங்க கண்டிஷனுக்காக நான் சம்மதிக்கலை. அதுக்குக் கீழே பாருங்க, அதுக்காகத்தான்" என்றார். என் கையெழுத்துக்குக் கீழே, பெரிய டீச்சரின் சாய்ந்த எழுத்தில் ஒரே வரி இருந்தது: "இவள் சொல்வது சரி. ஒற்றையாக விட்டால் கடிப்பாள், எனக்குத் தெரியும்."